மறுக்கப்பட்ட இருக்கை: ஜூலியன் பாண்ட் என்னும் இளம் சட்டமன்ற உறுப்பினரின் வரலாறு

1966-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியைச் சேர்ந்த ஜார்ஜியா மாநிலத்தின் சட்டமன்றம் அதன் தலைநகராகிய அட்லாண்டாவில் கூடிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் யாவரும் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டிய நாள் அது. ஒருவர் மட்டும் அதற்கு அனுமதிக்கப்படவில்லை. அவர்மீது எழுப்பப்பட்ட ஆட்சேபங்கள் தீரும்வரை பிரமாணம் செய்விக்க இயலாது என்று மன்றத்தின் எழுத்தர் மறுத்துவிட்டார். அன்றே விசாரணையும் நடந்தது; வாக்கெடுப்பும் நடந்தது. அவரை மன்றத்தில் சேர்க்கலாகாது என்று 184 பேர் வாக்களித்தனர். சேர்க்க வேண்டும் என்றவர்கள் 12 பேரே.

அவர் பெயர் ஜூலியன் பாண்ட். 26 வயது நிறைவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவர் கையூட்டுப் பெற்றவரல்லர். தேர்தலில் முறைகேடு செய்தவரல்லர். வயதோ, குடியிருப்போ, சட்டம் கேட்கும் வேறெந்தத் தகுதியோ அவருக்குக் குறைவாக இருந்ததாகவும் எவரும் கூறவில்லை. தம் நாடு வியட்நாமில் நடத்திவந்த போரைக் கண்டித்த ஓர் அறிக்கைக்கு உடன்பட்டுப் பேசினார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். சொல்லாமல் விடப்பட்ட மற்றொன்றும் உண்டு. அவர் கறுப்பினத்தவர்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் கடல்கடந்த ஒரு நாட்டு இளைஞரின் வரலாறு எதற்கு என்று எவரேனும் வினவக்கூடும். 1946-ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் விண்ணப்பம் செய்யப்போகிறார்கள் என்று கேள்வியுற்ற அண்ணல் அம்பேத்கர், அம்மக்களின் பேரறிஞராகிய டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தாம் அம்மக்களின் நிலையைத் தொடர்ந்து கற்றுவருபவர் என்பதையும், தீண்டப்படாதார் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் மிகுந்த ஒப்புமை உண்டு என்பதையும் அதில் குறிப்பிட்டு, அவ்விண்ணப்பத்தின் படிகளை அனுப்பியுதவுமாறு கேட்டார். டுபாய்ஸும் மறுமொழி விடுத்தார். அந்த டுபாய்ஸ் ஜூலியன் பாண்டின் தந்தையாருக்கு நெருங்கியவர். ஜூலியன் சிறு குழந்தையாயிருந்தபோது, இவனைக் கல்விக்கே ஒப்புக்கொடுக்கிறோம் என்று விளையாட்டும் வினையுமாக ஒரு சடங்கை நடத்தி வைத்த பெரியோருள் அவரும் ஒருவர். ஆகவே இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலார் வீட்டுக் கதையன்று.

கல்விக்கு ஒப்புக்கொடுத்தல் அக்குடும்பத்துக்குப் புதிதும் அன்று. ஜூலியனின் பாட்டனார் ஜேம்ஸ் பாண்ட் 1863-இல் கென்டக்கி மாநிலத்தில் ஓர் அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவர். அப்பெண்ணை உடைமையாக வைத்திருந்த வெள்ளையரே அவருக்குத் தகப்பன். அடிமைமுறை ஒழிந்தபின் வளர்ந்த அவர், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் திணறிய பருவத்தில், கல்லூரிக் கட்டணத்துக்குப் பணமில்லாமையால் ஒரு காளையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மலைவழியே பெரியா என்னும் ஊரிலுள்ள கல்லூரிக்கு நடந்தார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். கல்லூரியார் காளையையும் ஏற்றுக்கொண்டனர்; பையனையும் ஏற்றுக்கொண்டனர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தமர்ந்து பயின்ற கல்லூரி அது. (1904-இல் கென்டக்கி அரசு சட்டமியற்றி அந்தச் சேர்க்கையையும் தடுத்தது.) ஜேம்ஸ் 1892-இல் பட்டம் பெற்றுக் கிறித்தவக் குருவானார். அவர் மகன் ஹோரேஸ் மன் பாண்ட் கல்வியறிஞராகி, கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தின் முதற் கறுப்பினத் தலைவராக 1945-இல் அமர்ந்தார். கறுப்பருக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று இராணுவத்தார் நடத்திய அறிவுச் சோதனைகளைக் காட்டி வெள்ளை அறிஞர் சிலர் வாதிட்ட காலம் அது. அதே சோதனைகளின் எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, வட மாநிலக் கறுப்பர் சிலர் தென் மாநில வெள்ளையரைவிட மிகுதியான மதிப்பெண் பெற்றிருப்பதைச் சுட்டி, குறைவு குருதியில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டியவர் ஹோரேஸ் பாண்ட். நம் பிள்ளைகளைப் பற்றியும் இத்தகைய வாதங்களைக் கேட்டிருப்பவர்கள் இச்செய்தியை மனத்திற் கொள்வது நன்று.

இத்தகைய இல்லத்தில் 1940-இல் பிறந்த ஜூலியன், 1957-இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1960-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெள்ளையர்க்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட உணவகங்களில் கறுப்பின மாணவர் சென்றமர்ந்து உணவு கேட்கும் கிளர்ச்சி தென்னகமெங்கும் பரவிற்று. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்ததைக் கண்ட நம்மவர்க்கு இக்கிளர்ச்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மார்ச் 15-ஆம் நாள் நகராட்சிக் கட்டடத்தின் உணவகத்தில் சென்றமர்ந்து ஜூலியன் கைதானார். அடுத்த திங்களில் தோன்றிய ‘மாணவர் அறப்போர் ஒருங்கிணைப்புக் குழு’வில் சேர்ந்து, அதன் செய்தித் தொடர்புப் பொறுப்பை ஏற்றார். எந்தச் சிற்றூரில் எவர் அடிபட்டார், எவர் சிறைப்பட்டார், எவர் வீடு கொளுத்தப்பட்டது என்பதை அன்றன்றே செய்தித்தாள்களுக்கு எட்டச் செய்வது அவர் பணி. 1961-இல் படிப்பையும் இடையில் விட்டார்.

சட்டமன்றத்துக்கு அவர் எவ்வாறு வந்தார் என்பதை அறிய ஜார்ஜியாவின் தேர்தல் கணக்கை அறிதல் வேண்டும். அம்மாநிலத்தில் கவுண்டி எனப்படும் வட்டாரங்கள் 159. மக்கள்தொகை மிகுந்த 8 வட்டாரங்களுக்குத் தலைக்கு 3 உறுப்பினர், அடுத்த 30-க்குத் தலைக்கு 2, எஞ்சிய 121-க்குத் தலைக்கு 1 என்று மொத்தம் 205 உறுப்பினர் கொண்டது பிரதிநிதிகள் சபை. 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அட்லாண்டா அடங்கிய ஃபுல்டன் வட்டாரத்தின் மக்கள் 5,56,326 பேர். அவர்களுக்கு 3 உறுப்பினர். எக்கோல்ஸ் என்னும் சிறு வட்டாரத்தின் மக்கள் 1,876 பேர். அவர்களுக்கும் ஓர் உறுப்பினர். கறுப்பின மக்கள் திரண்டு வாழ்ந்த நகரத்தின் வாக்கு இவ்வாறு நீர்த்துப் போயிற்று. வாக்குரிமையைப் பறிக்காமலேயே வாக்கின் எடையைப் பறிக்கும் வித்தை இது. 1962-லும் 1964-லும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே எடை என்னும் நெறியை நிறுவியபின் தொகுதிகளைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. 1907-க்குப் பின் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லாதிருந்த ஜார்ஜியா சட்டமன்றத்தின் மேலவைக்கு 1962-இல் லெராய் ஜான்சன் தேர்வானார். 1965 ஜூனில் பிரதிநிதிகள் சபைக்கு நடந்த தனித்தேர்தலில் எட்டுக் கறுப்பினத்தவர் வென்றனர். அவர்களுள் ஒருவர் 136-ஆம் தொகுதியின் ஜூலியன் பாண்ட்.

அத்தொகுதியில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். பாண்ட் மேடைபோட்டு முழங்கவில்லை. வீடுவீடாகச் சென்று, ‘உங்களுக்காகச் சட்டமன்றத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்னும் கேள்வியையே முதலில் வைத்தார். வேட்பாளர் ஒருவர் தங்களிடம் யோசனை கேட்பது அம்மக்களுக்குப் புதுமை. குறைந்தபட்சக் கூலி, வீட்டு வசதி என்று அவர்கள் சொன்னவற்றையே தம் திட்டமாகக் கொண்டார். பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 82 அவருக்குக் கிடைத்தன.

இனி, அவர் இருக்கையைப் பறித்த அறிக்கைக்கு வருவோம். 1966 ஜனவரி 3-ஆம் நாள், அலபாமா மாநிலத்து டஸ்கிகி நகரில் சாம்மி யங் என்னும் 21 வயதுக் கறுப்பின மாணவர், பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையர்க்கு மட்டும் என வைத்திருந்த கழிப்பறையைப் பயன்படுத்தக் கேட்டதன் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நாட்டின் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். மூன்று நாள் கழித்து, மாணவர் குழு ஓர் அறிக்கை விடுத்தது. வியட்நாம் மக்களின் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று கூறும் அரசு, சொந்த நாட்டுக் கறுப்பின மக்களின் சுதந்திரத்தைக் காக்கத் தவறியது என்றும், இப்போருக்காகப் படையிற் சேர மறுப்போரிடம் தமக்குப் பரிவு உண்டு என்றும் அது கூறிற்று. அறிக்கையை எழுதியவர் பாண்ட் அல்லர். ஆனால் வானொலிச் செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, தாம் அதற்கு உடன்படுவதாகச் சொன்னார். படைச்சேர்க்கைச் சீட்டை எரிக்கும்படி தாம் எவருக்கும் அறிவுரை கூறவில்லை, எனினும் விளைவை அறிந்தே எரிப்பவர்களின் துணிவை மதிப்பதாகவும் பின்னர் விளக்கினார். நான்கு நாளில் சட்டமன்றம் கூட இருக்கிறது என்பதை அவர் அறியாதவரல்லர். ‘பிறகு பேசலாம்’ என்று தட்டிக்கழித்திருக்கலாம். பதவி கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணியிருக்கலாம். உலக வழக்கும் அதுவே.

சபையின் உறுப்பினர் 75 பேர் கையொப்பமிட்டு ஆட்சேப மனு கொடுத்தனர். நாட்டின் பகைவருக்கு அவர் துணைபோகிறார், அரசமைப்பைக் காப்பதாக அவர் செய்யும் பிரமாணம் உண்மையாயிராது என்பன அவர்கள் கூற்றுகள். தாம் பிரமாணம் எடுத்துக்கொள்ள அணியமாக இருப்பதாகப் பாண்ட் தெரிவித்தும் பயனில்லை. விளைந்ததைத் தொடக்கத்தில் கூறினோம்.

அந்த மண்ணில் இது முதல் தடவையுமன்று. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1868-இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குக் கறுப்பின உறுப்பினர் 33 பேர் வந்திருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே, வாக்களிக்கும் உரிமை வேறு, பதவி வகிக்கும் உரிமை வேறு என்று வாதம் கட்டி வெள்ளை உறுப்பினர்கள் அவர்களை வெளியேற்றத் தொடங்கினர். தோல் வெளுத்து, கறுப்பர் என்று மெய்ப்பிக்க முடியாதிருந்த நால்வர் மட்டும் தப்பினர் என்பது அவ்வாதத்தின் சிறுமையைக் காட்டும். வெளியேற்றப்பட்டோருள் ஒருவராகிய ஹென்றி மக்நீல் டர்னர் என்னும் குருவானவர், தம் உரிமையைக் கேட்டு எவரிடமும் கெஞ்சப் போவதில்லை என்று அம்மன்றத்திலேயே நின்று ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஒன்றிய அரசு தலையிட்டு 1870-இல் அவர்களை மீண்டும் அமர்த்திற்று. ஆனால் சில ஆண்டுகளில் வன்முறையும் வாக்குரிமைத் தடைகளும் சேர்ந்து, அவ்விருக்கைகள் ஒவ்வொன்றாக மீண்டும் வெறுமையாயின. 1966-இல் 184 பேர் கையுயர்த்தியபோது அவர்கள் நின்ற தடம் 98 ஆண்டுப் பழமையுடையது.

பாண்ட் வழக்குத் தொடுத்தார். அவரோடு அத்தொகுதியின் வாக்காளர் இருவரும் வழக்காளிகளாகச் சேர்ந்தனர். அவ்விருவருள் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். அவருடைய வீடு 136-ஆம் தொகுதிக்குள் இருந்தது. நோபல் பரிசு பெற்று உலகமே அறிந்திருந்த அத்தலைவர், இவ்வழக்கில் தலைவராக வரவில்லை. என் பிரதிநிதியை எனக்கு இல்லாமற் செய்துவிட்டார்கள் என்று முறையிடும் ஒரு சாதாரண வாக்காளராக வந்தார். இவ்வழக்கின் சாரமே இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சட்டமன்றத்தில் இருக்கும் ஓர் இருக்கை யாருடையது? அம்மன்றத்தாருடையதா? அமர்பவருடையதா? அனுப்பிவைத்தவர்களுடையதா? ஜனவரி 14-ஆம் நாள், பாண்டுக்கு 26 வயது நிறைந்த அன்று, கிங் மக்களைத் திரட்டிச் சட்டமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் சென்றார்.

முதலில் வழக்கைக் கேட்ட ஒன்றிய நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டமன்றத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். (அவ்விருவருள் ஒருவரான கிரிஃபின் பெல் 1977-இல் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியானார்.) மாறுபட்டவர் எல்பர்ட் டட்டில் ஒருவரே. இதற்கிடையில், காலியானதாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்துக்குப் பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. பாண்ட் மீண்டும் நின்றார். எதிர்த்து நிற்க எவரும் இல்லை. வென்றார். சட்டமன்றக் குழு அவரை மறுபடியும் மறுத்தது. அடுத்த சட்டமன்றத்துக்கான பொதுத்தேர்தல் நவம்பரில் நடந்தது. அதிலும் நின்றார், அதிலும் வென்றார். பதினேழு திங்களுக்குள் மூன்று முறை ஒரே மக்கள் ஒரே மனிதரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும் படிப்பில்லாத, கூலிக்கு உழைக்கும் மக்கள் அவர்கள். வாக்குச்சாவடிக்குப் போய்வந்தால் அரை நாள் கூலி போகும் என்பவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பாண்டின் துணிவைப் பாராட்டும் நூலாசிரியர் பலர். அம்மக்களின் பிடிவாதத்தைப் பாராட்டுவோர் மிகச் சிலர்.

1966 டிசம்பர் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாகப் பாண்டின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையர் பிள்ளைகளையும் வெவ்வேறு அரசுப் பள்ளிகளில் பிரித்து வைத்தல் தகாது என்று 1954-இல் தீர்ப்பு எழுதியவரும் அவரே. உறுப்பினர் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருவர் எடுக்கும் பிரமாணம் உள்ளன்போடு எடுக்கப்பட்டதா என்று அளந்து பார்க்கும் உரிமை பெரும்பான்மை உறுப்பினர்களுக்கு இல்லை என்றது தீர்ப்பு. குடிமகன் ஒருவன் பேசலாம், சட்டமன்ற உறுப்பினர் அவ்வாறு பேசலாகாது, அவருக்கு நாட்டுப்பற்று மிகுதியாக இருக்க வேண்டும் என்று ஜார்ஜியா அரசு வாதிட்டிருந்தது. நீதிமன்றம் அவ்வாதத்தைத் திருப்பிப் போட்டது. வாக்காளர்கள் தம் பிரதிநிதியை எடைபோட வேண்டுமானால், சிக்கலான பொருள்களில் அவர் தம் நிலையை வெளிப்படச் சொல்லியாக வேண்டும். ஆகவே பேசும் உரிமை அவருக்குக் குறைவதில்லை, பேசும் கடமையும் சேர்கிறது என்பது தீர்ப்பின் கருத்து.

நம் அரசமைப்பின் 194-ஆம் கூறு சட்டமன்றத்துக்குள் உறுப்பினர் பேசும் பேச்சுக்குக் காப்பு அளிக்கிறது. பாண்ட் பேசியதோ மன்றத்துக்கு வெளியே, பிரமாணம் எடுப்பதற்கும் முன்பு. ஒப்பிட்டுப் படிக்கும் சட்ட மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

ஒன்றை மறைக்கலாகாது. அவர் தள்ளப்பட்டதற்கு இனவேற்றுமை காரணமா என்னும் வினாவை அத்தீர்ப்பு தொடவில்லை. பேச்சுரிமை ஒன்றைக் கொண்டே வழக்கு முடிந்துவிட்டபடியால் பிற வினாக்களுக்குள் செல்லத் தேவையில்லை என்று நீதிமன்றம் நின்றுகொண்டது. சட்டநெறிக்கு அது சரியாயிருக்கலாம். ஆனால் சாம்மி யங்கைச் சுட்டவர் அதே டிசம்பர்த் திங்களில், வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழுவால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான், பாண்ட் பெற்ற வெற்றி எத்தனை அகலமுடையது, எத்தனை குறுகியது என்பது விளங்கும்.

1967 ஜனவரி 9-ஆம் நாள் ஜூலியன் பாண்ட் பிரமாணம் எடுத்துத் தம் இருக்கையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், ஜார்ஜியாவின் அதிகாரப்பூர்வமான பிரதிநிதிக் குழு மக்களை உள்ளபடி காட்டவில்லை என்று வாதிட்ட மாற்றுக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கி, இடங்களில் பாதியைப் பெற்றார். துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் அம்மாநாட்டில் முன்மொழியப்பட்டது. அப்பதவிக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், அவருக்கு 28. விலகிக்கொண்டார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது அப்போதுதான்.

பிரதிநிதிகள் சபையில் 1974 வரையிலும், மேலவையில் 1975 முதல் 1987-இன் தொடக்கம் வரையிலும் அவர் இருந்தார். இந்த இருபது ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். காரணம் இல்லாமலில்லை. கறுப்பின உறுப்பினர்கள் சிறு தொகையினராயிருந்த மன்றத்தில் பெருஞ்சட்டங்களை இயற்றுதல் எளிதாயிருக்கவில்லை. தெரு செப்பனிடுதல், குப்பை அகற்றுதல், உதவித்தொகை வாங்கித் தருதல் என்று தொகுதி மக்களின் அன்றாட வேலைகளே மிகுதி. மற்றொரு புறம், நாடெங்கும் சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டு அடிக்கடி வெளியூரில் இருந்தார். தொகுதியில் அவரைக் காண்பது அரிது என்று குறைகூறியோரும் உண்டு. அக்குறை முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். புகழ் ஓர் இளைஞரைத் தொகுதியிலிருந்து மெல்லமெல்லத் தூக்கிச் செல்வதை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

ஆயினும் மேலவையில் அவர் தொடுத்த ஒரு போராட்டத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். 1981-இல் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. அட்லாண்டாவின் 5-ஆம் தொகுதியில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு 69 பேராக இருக்கும்படி எல்லை வகுக்க வேண்டும் என்று பாண்ட் திட்டம் கொண்டுவந்தார். சட்டமன்றம் அதைக் குறைத்து, 57 ஆக்கி நிறைவேற்றியது. எண்ணிக்கையில் 57 பெரும்பான்மைதானே என்று தோன்றலாம். வாக்காளராகப் பதிவு செய்தோர், வாக்குச்சாவடிக்கு வருவோர் என்று கழித்துக்கொண்டே வந்தால் அப்பெரும்பான்மை கரைந்துவிடும் என்பதை வரைபடம் போட்டவர்கள் நன்கறிவார்கள். ஒன்றிய அரசு அதற்கு இசைவு தர மறுத்தது. வழக்கு வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போயிற்று. கறுப்பின மக்களின் வாக்கைக் குலைக்கும் நோக்கத்தோடே எல்லை வகுக்கப்பட்டது என்று 1982-இல் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லை திருத்தப்பட்டு, நூற்றுக்கு 65 என்றாயிற்று. 1965-இல் பிறர் நடத்திய வழக்குகளால் திருத்தப்பட்ட தொகுதியில் வென்று மன்றத்துக்கு வந்தவர், 1982-இல் தாமே ஒரு தொகுதியைத் திருத்தச் செய்தார்.

1986-இல் அத்தொகுதிக்கே பாண்ட் நின்றார். உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் ஜான் லூயிஸ். இருவரும் மாணவர் குழுவின் பழந்தோழர்கள். லூயிஸ் அலபாமாவில் குத்தகை உழவரின் மகனாகப் பிறந்து, அடிபட்டு, மண்டை உடைபட்டு, அக்குழுவின் தலைவராயிருந்தவர். பாண்ட் பல்கலைக்கழகத் தலைவரின் மகன், நயமாகப் பேசுபவர். முதற் சுற்றில் பாண்ட் முந்தினார். எனினும் பாதி வாக்கு கிட்டவில்லை. செப்டம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் நூற்றுக்கு 52-க்கு 48 என்று லூயிஸ் வென்றார். கறுப்பின வாக்குகளில் பெரும்பகுதி பாண்டுக்கே விழுந்தது. வெள்ளையர் வாக்குகள் திரண்டு லூயிஸுக்கு விழுந்தன. புனா ஒப்பந்தம் ஏற்பட்ட 1932 முதல் கூட்டுத் தொகுதி முறையில் வாக்களித்துப் பழகிய நம்மவர்க்கு இந்தக் கணக்கை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் லூயிஸைப் பிறர் கைப்பாவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2020-இல் மறையும் வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்து, அவர் காட்டிய உறுதி அப்படிப்பட்டதன்று. இரு நல்லவர்கள் ஒரே இருக்கைக்கு நிற்க நேர்ந்தது, தோழமை முறிந்தது. அம்முறிவு ஆறப் பல ஆண்டுகள் ஆயின.

அதன்பின் பாண்ட் தேர்தலில் நிற்கவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உரிமைப் போராட்ட வரலாற்றைக் கற்பித்தார். கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமைச் சங்கத்துக்கு 1998 முதல் 2010 வரை தலைவராயிருந்தார். 2015 ஆகஸ்டு 15-ஆம் நாள், 75-ஆம் வயதில் காலமானார்.

ஒரு செய்தியை உரிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1961-இல் அவர் இடையில் விட்ட படிப்பைப் பற்றியது அது. சட்டமன்றத்தில் இருந்துகொண்டே, நாடறிந்த பெயர் பெற்ற பிறகு, அதே மோர்ஹவுஸ் கல்லூரிக்குத் திரும்பிச் சென்று குறையைப் படித்து முடித்து, 1971-இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 31 வயது. தந்தையார் ஹோரேஸ் பாண்ட் உயிரோடிருந்தார். மறு ஆண்டு அவர் மறைந்தார்.